ஆக்சுவல் பட்ஜெட்: செலவுக்கு முன்பே யோசிக்க வைக்கும் கணக்குச் செயலி

தாம் பெரிதாக மதிக்கும் காரியங்களுக்கே தம் பணம் போய்ச் சேர வேண்டும் என்று விரும்பாதவர் எவரும் இலர். ஆனால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கைத் திறந்து பார்க்கும்போது, விரும்பியதற்கும் நடந்ததற்கும் இடையே பெரிய இடைவெளி தெரிகிறது. மன உறுதி போதவில்லை என்று சொல்லி அதைப் பலரும் கடந்துவிடுகிறார்கள். என் கணிப்பு வேறு. ஒரு பொருளை வாங்கும் நொடியில், அதற்கான பணம் வேறு எந்தக் காரியத்துக்குரிய பணத்திலிருந்து எடுக்கப்படுகிறது என்பது நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எடைபோட எவ்வளவு உறுதியான மனத்தாலும் இயலாது. இந்த ஒரு குறையைத் தீர்க்கும் கருவியாகவே ஆக்சுவல் பட்ஜெட் என்ற செயலியை மதிக்கிறேன். அன்றாடம் பயன்படுத்தி வருபவன் என்ற முறையில் அதன் நிறைகளையும் குறைகளையும் இங்கே எழுதுகிறேன்.

இதை உருவாக்கியவர் ஜேம்ஸ் லாங். நிரல்வரிகளை ஒழுங்காக அடுக்கித் தருவதற்கென மென்பொருள் எழுதுபவர்களிடையே நன்கு அறியப்பட்ட பிரிட்டியர் என்ற கருவியை உருவாக்கியவரும் அவரே. தொடக்கத்தில் சந்தா கட்டிப் பயன்படுத்தும் சேவையாக இருந்த ஆக்சுவலை, 2022-ஆம் ஆண்டில் அவர் எம்ஐடி உரிமத்தின் கீழ்த் திறந்த மூல மென்பொருளாக, அதாவது எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடியதாக, வெளியிட்டார். அன்றுமுதல் தன்னார்வலர்கள் கூடி அதைப் பராமரித்து வளர்த்து வருகிறார்கள். மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை, விளம்பரமும் இல்லை. நம் கணக்கு விவரங்கள் நம் கருவியிலேயே ஒரு தரவுத்தளக் கோப்பாக இருக்கின்றன.

இந்த விவரத்தைத் தொழில்நுட்பப் பிரியர்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிடக் கூடாது. கணக்குச் செயலி ஒன்றுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது, அது நம்மை எந்தப் பக்கம் தள்ளும் என்பதையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் புகழ்பெற்றிருந்த மின்ட் என்ற இலவசச் செயலி, கடன் அட்டைகளையும் பிற நிதிச் சேவைகளையும் பயனாளர்களுக்குப் பரிந்துரைப்பதன் வழியாக வருமானம் ஈட்டியது; 2024-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அதன் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் அதை மூடிவிட்டது. செலவைக் குறைக்க உதவும் என்று திறந்த திரையிலேயே புதிய கடன் அட்டைக்கான அழைப்பும் இருக்குமானால், அந்தக் கருவி இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்கிறது. ஆக்சுவலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. நம்மிடம் எதையும் விற்க வேண்டிய தேவை அதற்கு இல்லாததால், திரையில் நம் எண்களைத் தவிர வேறு எதுவும் இல்லை.

செயலியின் அடிப்படை முறை பழையது. வருமானம் கைக்கு வந்தவுடன், ஒவ்வொரு தேவைக்கும் ஒரு கவர் என்று பணத்தைப் பிரித்து வைத்து, அந்தந்தக் கவரிலிருந்து மட்டுமே எடுத்துச் செலவழிக்கும் முறையே அது. ஆக்சுவலின் முதன்மைத் திரையில் ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே மூன்று எண்கள் இருக்கும்: அந்த மாதத்துக்கு ஒதுக்கியது, செலவானது, மீதி இருப்பது. மேலே, இன்னும் எந்தத் தலைப்புக்கும் ஒதுக்கப்படாத தொகை ‘டு பட்ஜெட்’ என்ற பெயரில் தெரியும். அந்த எண்ணைப் பூஜ்யமாக்குவதே நம் வேலை. அதாவது, கையில் உள்ள பணம் முழுவதற்கும் நாம் ஒரு காரியம் சொல்லிவிட வேண்டும். சேமிப்பும் அப்படிச் சொல்லப்பட்ட காரியங்களில் ஒன்றாகவே இருக்கும்.

கையில் உள்ள பணம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். அடுத்த மாதம் வரப்போகும் சம்பளத்தையோ, எவரோ தருவதாகச் சொன்ன தொகையையோ இந்தச் செயலியில் முன்கூட்டி ஒதுக்க முடியாது. ஒதுக்கினால் மேலே உள்ள எண் சிவப்பாகி எதிர்மறைக்குப் போய்விடும். ஒழுங்கான மாதச் சம்பளம் உடையவர்களுக்கு இது சின்ன விதியாகத் தோன்றலாம். வேலைக்கு ஏற்ப வருமானம் ஏறி இறங்கும் மனிதர்களுக்கோ, இந்த விதி ஒன்றே பெரும் பாதுகாப்பு. பணம் வரும்போது ஒதுக்குவது, வராதபோது இருப்பதை மறுபங்கீடு செய்வது என்ற இரண்டே வேலைகளில் அவர்களுடைய கணக்கு அடங்கிவிடுகிறது. ஒரு மாதத்தில் அதிகமாக வந்த தொகையை அடுத்த மாதத்துக்கென்று பிடித்து வைக்கும் வசதியும் உண்டு.

இனி, இந்தச் செயலியின் உயிர்நாடி எனக் கருதும் இடத்துக்கு வருகிறேன். ஒரு தலைப்பில் ஒதுக்கியதைவிட அதிகமாகச் செலவு செய்துவிட்டால், அதன் மீதி சிவப்பு நிறத்தில் எதிர்மறை எண்ணாக மாறும். அதன்மேல் அழுத்தினால், எந்தத் தலைப்பிலிருந்து எடுத்து இதை ஈடுசெய்யப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் விரியும். கண்டிப்பு இல்லை, அறிவுரை இல்லை, சோகமுகப் படமும் இல்லை. ஒரு பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவே. நாம் எதைப் பெரிதாக மதிக்கிறோம் என்பது வாய்ச்சொல்லிலிருந்து எண்ணாக மாறுவது அந்த இடத்தில்தான்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். என் கைபேசியின் மின்கலம் அரை நாள்கூடத் தாங்காத நிலை வந்தது. புதிய கைபேசி வாங்கிவிடுவது என்று ஏறத்தாழ முடிவு செய்திருந்தேன். கருவிகளுக்கென்று ஒதுக்கிய தலைப்பில் பாதித் தொகைதான் இருந்தது. மீதியை எங்கிருந்து எடுப்பது என்று பட்டியலைக் கீழே நகர்த்திப் பார்த்தபோது, அவ்வளவு பெரிய தொகை இரண்டே இடங்களில் இருந்தது: ஒன்று அவசரகால நிதி, மற்றொன்று ‘கேட்பவர்க்குக் கொடுக்க’ என்று நான் பெயரிட்டிருந்த தலைப்பு. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்துத் தொகையைத் தட்டச்சு செய்தேன். உறுதி செய்வதற்கு முன், அந்தத் தலைப்பில் என்ன மிஞ்சும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். மிஞ்சுவது மிகக் கொஞ்சம். கைபேசி அவ்வளவு அவசரமா என்ற கேள்வி அதற்கு முன்பு எனக்கு எழவே இல்லை. மின்கலத்தை மட்டும் மாற்றிக்கொண்டேன்; கைபேசி இன்றும் நன்றாகவே உழைக்கிறது. அந்த முடிவை எடுக்க வைராக்கியம் எதுவும் தேவைப்படவில்லை. விலையைப் பார்த்தபோது வராத தயக்கம், அந்த விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதைப் பார்த்தபோது வந்தது.

இந்தப் பயன் கிடைப்பதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. தலைப்புகளுக்கு நாமே பெயரிட வேண்டும். புதிய கோப்பைத் திறந்தவுடன் செயலி தரும் தலைப்புகள் மிகச் சிலவே. உணவு, பொது, பில்கள், சேமிப்பு என்பன போன்ற பொதுப்பெயர்கள் அவை. அவற்றை அப்படியே வைத்துக்கொண்டால் கணக்கு சரியாகத்தான் வரும். ஆனால் அந்தக் கணக்கு நம்மைப் பற்றி எதையும் சொல்லாது. பொருளின் வகையைக் கொண்டு தலைப்பிடுவது கடைக்காரருக்கு உதவும். நமக்கு உதவுவது, செலவின் நோக்கத்தைக் கொண்டு இடப்படும் தலைப்பு. ‘புத்தகம்’ என்ற தலைப்பைவிட ‘கற்றுக்கொள்ள’ என்ற தலைப்பு அதிகம் பேசுகிறது. வாங்கி அடுக்கி வைத்துப் படிக்காமல் விட்ட புத்தகத்தை அதன்கீழ் எழுதும்போது கை தானாகவே தயங்குகிறது. நான் வைத்திருக்கும் தலைப்புகளில் சில: ‘நேரத்தை மீட்க’, ‘உடம்பைக் காக்க’, ‘உறவைப் பேண’, ‘பழுது பார்க்க’, ‘கேட்பவர்க்குக் கொடுக்க’, ‘காரணம் சொல்லத் தெரியாதவை’. கடைசித் தலைப்புக்கும் நான் பணம் ஒதுக்குகிறேன். எல்லாச் செலவுக்கும் காரணம் கேட்கும் வீடு வாழத் தகுந்த வீடாக இராது.

நோக்கத்தின்படி செலவைப் பிரிப்பதற்கு ஆய்வுலகிலும் ஆதரவு உண்டு. சான்ட்ரா மாட்ஸ், ஜோ கிளாட்ஸ்டோன், டேவிட் ஸ்டில்வெல் ஆகியோர் 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று, பிரிட்டனைச் சேர்ந்த வங்கி வாடிக்கையாளர்களின் 76,000-க்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகளை அவர்களுடைய ஆளுமை இயல்போடு ஒப்பிட்டது. தம் இயல்புக்குப் பொருந்தும் வகையில் செலவு செய்தவர்கள் வாழ்க்கையில் கூடுதல் நிறைவு உடையவர்களாக இருந்தார்கள். அதே ஆய்வில், கூட்டத்தை விரும்பாத இயல்புடையவர்களுக்கும் விரும்புபவர்களுக்கும் புத்தகக் கடையிலோ மதுக்கூடத்திலோ செலவிடுமாறு பற்றுச்சீட்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒதுங்கிய இயல்புடையவர்களுக்குப் புத்தகக் கடை தந்த மகிழ்ச்சியை மதுக்கூடம் தரவில்லை. எலிசபெத் டன், லாரா ஆக்னின், மைக்கேல் நார்ட்டன் ஆகியோரின் 2008-ஆம் ஆண்டு ஆய்வு பிறருக்காகச் செய்யும் செலவையும், ஆஷ்லி விலன்ஸும் உடன் ஆய்வாளர்களும் 2017-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நேரத்தை மிச்சப்படுத்தும் செலவையும் மனநிறைவோடு தொடர்புபடுத்தின. ‘கேட்பவர்க்குக் கொடுக்க’, ‘நேரத்தை மீட்க’ என்ற என் இரண்டு தலைப்புகளும் இந்த இரண்டு ஆய்வுகளைப் படித்த பிறகு பிறந்தவை. ஆனால் மற்றவர் தலைப்புகளைப் பார்த்து எழுதுவதில் பயன் இல்லை என்பதே மாட்ஸ் குழுவினரின் ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம். ஒருவருக்குப் பயணம் வாழ்க்கையின் சாரமாக இருக்கலாம். இன்னொருவருக்கு அது அலைச்சல்.

ஒவ்வொரு தலைப்புக்கும் குறிப்பு எழுதும் வசதியைத் தவறவிடக் கூடாது. தலைப்பின் பெயருக்கு அருகில் உள்ள சிறு அடையாளத்தை அழுத்தினால் எழுதுமிடம் திறக்கும். அந்தத் தலைப்பு எதற்காக இருக்கிறது, எது அதில் சேராது என்று இரண்டு வரி எழுதி வைத்தால், சில மாதங்கள் கழித்து எழும் குழப்பம் பெருமளவு தீரும். பரிவர்த்தனைகளுக்கும் குறிப்பு உண்டு. அதில் # என்ற முன்குறியோடு ஒரு சொல்லை எழுதினால், பின்னர் அந்தச் சொல்லை அழுத்தி, அதே சொல் கொண்ட செலவுகளை மட்டும் பிரித்துப் பார்க்கலாம். வாங்கிச் சில வாரம் ஆன பொருள்களைத் திரும்பிப் பார்த்து, மறுபடியும் வாங்குவேன் என்று தோன்றினால் ஒரு சொல்லும், தோன்றாவிட்டால் வேறொரு சொல்லும் இடுவது என் வழக்கம். இரண்டாவது சொல்லின்கீழ் சேரும் பட்டியலைப் பார்த்தால், விலை உயர்ந்த பொருள்கள் அதில் அரிதாகவே இருக்கின்றன. இரவு நேரத்தில், படுத்தபடியே, கைபேசியில் வாங்கியவையே மிகுதி. கையைக் கடிப்பது பெரிய செலவுதான் என்ற பொது எண்ணத்தை இந்தப் பட்டியல் அசைத்துவிட்டது.

இந்தச் செயலியைப் பயன்படுத்துபவர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள ஒரு செய்தியைப் பற்றியும் என் நிலைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். செலவுகளை வங்கியிலிருந்து தானாகவே இறக்கிக்கொள்ளும் வசதி ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பல வங்கிகளுக்கு, இடைநிலைச் சேவைகளின் வழியாகக் கிடைக்கிறது. மற்ற இடங்களில் இருப்பவர்கள் வங்கி தரும் கோப்பைத் தாமே பதிவிறக்கிச் செயலியில் ஏற்றலாம். சிஎஸ்வி, ஓஎஃப்எக்ஸ், கியூஐஎஃப் உள்ளிட்ட வடிவங்களை அது ஏற்கிறது. இவ்வசதி இருந்தும், தம் விருப்பத்துக்குச் செய்யும் செலவுகளையாவது கையால் எழுதுமாறு எல்லோருக்கும் பரிந்துரைக்கிறேன். பணம் கொடுக்கும்போது மனத்தில் எழும் சிறு வலியே நம்மை நிதானிக்க வைக்கிறது; அட்டையும் ஒரே தொடுகையில் முடியும் கட்டண முறைகளும் அந்த வலியை மரத்துப்போகச் செய்கின்றன. டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் ஆகியோர் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட பரிசோதனைகளில், கடன் அட்டையால் பணம் செலுத்துமாறு சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகச் செலுத்துமாறு சொல்லப்பட்டவர்களைவிட மிக அதிக விலை கொடுக்க முன்வந்தார்கள். வித்தியாசம் இரு மடங்கு வரை சென்றது. தொகையையும் பெயரையும் நம் விரலால் எழுதும் அந்தச் சில நொடிகள், மறைந்துபோன அந்த நிதானத்தை ஓரளவு மீட்டுத் தருகின்றன. கணக்கு எழுதுவதைச் சுமையாகக் கருதி முழுவதும் தானியங்கியாக்கிவிட்டால், முடிவில் கையில் இருப்பது அழகிய வரைபடங்கள் மட்டுமே. செலவு பழையபடியேதான் நடக்கும்.

பணம் பெறுபவரின் ஒரே பெயருக்குச் சில முறை ஒரே தலைப்பை இட்டால், செயலி அதை நினைவில் வைத்து, பின்னர் தானே இட்டுவிடுகிறது. இது வேலையைக் குறைக்கிறது. ஆனால் ஒரே கடையில் வெவ்வேறு நோக்கங்களுக்காக வாங்குபவர்கள் இங்கே விழிப்பாக இருக்க வேண்டும். ஒரே ரசீதைப் பல தலைப்புகளுக்குப் பிரித்து எழுதும் வசதி இதற்காகவே இருக்கிறது.

மாதாமாதம் தானாகப் பிடிக்கப்படும் சந்தாக்களைக் கையாளும் முறை செயலியின் சிறந்த பகுதிகளில் ஒன்று. திரும்பத் திரும்ப வரும் கட்டணங்களை அட்டவணையாகப் பதிந்து வைத்தால், எது வரவிருக்கிறது, எது கட்டியாயிற்று, எது விட்டுப்போயிற்று என்று அது காட்டும். நாம் மறந்தே போன பழைய முடிவுகளின் தொகுப்புதான் சந்தாக்கள். என்றோ ஒரு நாள் சரி என்று சொன்னதற்கு இன்றும் பணம் போய்க்கொண்டிருக்கிறது. அவற்றையெல்லாம் ஒரே பட்டியலில் நிறுத்திப் பார்ப்பவர்கள், ஒன்றிரண்டையாவது அன்றே நிறுத்திவிடுவார்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஆண்டுக்கு ஒரு முறை வரும் பெரிய கட்டணங்களுக்கு மாதந்தோறும் சிறு தொகையாக ஒதுக்கி வரலாம். மீதித் தொகை அடுத்த மாதத்துக்குத் தானாகவே நகர்ந்து சேர்ந்துகொண்டே போகும் என்பதால், அந்த நாள் வரும்போது அதிர்ச்சி இராது.

அறிக்கைகள் பகுதியில் பலரும் நின்று பார்ப்பது சொத்துமதிப்பின் வளர்ச்சியைக் காட்டும் கோட்டைத்தான். விழுமியங்களோடு இயைந்த செலவில் அக்கறை உள்ளவர்கள் பார்க்க வேண்டிய இடம் வேறு. தனிப்பயன் அறிக்கையைத் திறந்து, செலவுகளைத் தலைப்புவாரியாகப் பார்ப்பதற்குப் பதில் பணம் பெறுபவர்வாரியாகத் தொகுக்கச் சொன்னால், ஓராண்டில் நம் பணம் யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பது தெரியும். நாம் எதை வாங்குகிறோம் என்பது விழுமியத்தின் ஒரு பாதி; யாரிடம் வாங்குகிறோம் என்பது மறு பாதி. தொழிலாளர்களை நன்றாக நடத்தும் நிறுவனங்களையும், சிறு அளவில் தொழில் செய்பவர்களையும் ஆதரிக்க வேண்டும் என்ற எண்ணம் உடையவர்கள், அந்த எண்ணத்துக்கு எவ்வளவு பங்கு கிடைத்தது என்பதை இந்த அறிக்கையில் நேரடியாகக் காணலாம். இந்தப் பட்டியலின் உச்சியில் ஒரே ஓர் இணைய அங்காடியின் பெயர் இருப்பதைக் கண்டதும், எதை எங்கே வாங்குவது என்பதை முற்றிலும் புதிதாக வகுத்துக்கொண்டேன். இந்த அறிக்கையைப் பார்ப்பதற்கு முன், ஒரே பெயர் பல எழுத்து வடிவங்களில் பதிவாகியிருந்தால் அவற்றை ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இல்லையேல் அறிக்கை பிழையாகத் தெரியும்.

குறைகளைப் பொறுத்தவரை, முதலாவது நிறுவும் சிரமம். ஒரே கணினியில் மட்டும் பயன்படுத்துவது எளிது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் செயலி கிடைக்கிறது. கணினியிலும் கைபேசியிலும் ஒரே கணக்கு இருக்க வேண்டுமென்றால் ஒரு சர்வர், அதாவது கருவிகளுக்கு இடையே கணக்கைப் பகிரும் பொது இடம், தேவை. அதை வீட்டிலேயே ஒரு பழைய கணினியில் நிறுவலாம். சிறு கட்டணத்துக்கு இடம் தரும் சேவைகளிலும் நிறுவலாம். வழிகாட்டிப் பக்கங்கள் தெளிவாக எழுதப்பட்டிருக்கின்றன. ஆனாலும் கணினிப் பழக்கம் இல்லாதவருக்கு இது உண்மையான தடை. சேமிக்கப்படும் விவரங்களை நம் கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்யவும் இயலும். அந்தக் கடவுச்சொல்லைத் தொலைத்துவிட்டால் சர்வரில் உள்ள பிரதியை எவராலும் மீட்க முடியாது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். கைபேசிக்கெனத் தனிச் செயலி இல்லை. இணைய உலாவி வழியாகத் திறந்து முகப்புத் திரையில் வைத்துக்கொள்ள வேண்டும். வேலை நடக்கிறது, ஆயினும் வரிசையில் நின்றுகொண்டே ஒரு செலவை எழுதும் வேகம் இன்னும் கூடலாம்.

இரண்டாவது குறை, கருவியினுடையது என்பதைவிட முறையினுடையது எனலாம். பணத்துக்குப் பெயரிடுவதால் நன்மை இருப்பதைப்போலவே மயக்கமும் உண்டு. 2017-ஆம் ஆண்டில் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ரிச்சர்ட் தேலர், மனக்கணக்கு என்ற பெயரில் இதை விரிவாக ஆராய்ந்தார். எல்லாப் பணமும் ஒன்றுதான் என்றாலும் மனிதர்கள் அதைப் பெயரிட்டுப் பிரித்து, ஒன்றைத் தொடுவதற்குத் தயங்கி மற்றொன்றைத் தாராளமாகச் செலவழிக்கிறார்கள். பயணத்துக்கென்று ஒரு தலைப்பில் ஆசையாகச் சேர்த்துக்கொண்டே, கடன் அட்டையில் உயர்ந்த வட்டி ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஆக்சுவல் அதைத் தடுக்காது. அட்டையில் செய்த செலவை உரிய தலைப்பிலிருந்து அப்போதே கழித்துவிடுவதால் புதிய கடன் சேர்வது ஓரளவு கட்டுப்படும். ஆனால் பழைய கடனை முதலில் அடைக்கச் சொல்லி அது வற்புறுத்தாது. உயர்வட்டிக் கடன் உள்ளவர்கள் அதை அடைப்பதையே தலைப்புகளின் உச்சியில் வைக்க வேண்டும். மற்ற விருப்பங்கள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும் அதன் பின்னே நிற்கட்டும்.

மாற்றுகளைப் பற்றிச் சுருக்கமாக. 2004-ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி மெக்கம் தொடங்கிய யூ நீட் எ பட்ஜெட் இதே முறையில் இயங்கும் சேவை. கைபேசிச் செயலி சிறப்பாக உள்ளது, பயிற்சி வகுப்புகளும் நிறைய உண்டு, சர்வர் தொல்லை இல்லை. அதற்குச் சந்தா கட்ட வேண்டும். சந்தாவைச் சுமையாகக் கருதாதவர்களும், யாராவது கைப்பிடித்துக் கற்றுத்தர வேண்டும் என்று எண்ணுபவர்களும் அதைத் தேர்ந்தெடுக்கலாம். குனூகேஷ், ஒவ்வொரு தொகையையும் பற்று, வரவு என இரு பக்கமும் எழுதும் துல்லியமான இரட்டைப் பதிவுக் கணக்கு மென்பொருள். நடந்து முடிந்ததைப் பதிவு செய்வதில் அதற்கு இணை குறைவு, ஆனால் செலவுக்கு முன் நம்மை நிறுத்திக் கேட்பது அதன் வேலை அன்று. விரிதாளில் தாமே வடிவமைத்துக்கொள்பவர்களுக்கு என் மரியாதை உண்டு. பட்டியலை உருவாக்கும் ஆர்வம் பட்டியலை நிரப்பும் வரை நீடித்தால் அதுவே போதும்.

கணவன் மனைவி இருவரும் சேர்ந்து பயன்படுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே கோப்பை இருவரும் தத்தம் கருவியில் திறந்து எழுதலாம். இணைய இணைப்பு இல்லாத நேரத்தில் எழுதியதும் பின்னர் சரியாக ஒன்றிணைந்துவிடுகிறது. தொழில்நுட்பம் இவ்வளவு எளிதாக்கினாலும் பேச்சு எளிதாகிவிடாது. ஒருவர் வீண் என்று கருதுவதை மற்றவர் இன்றியமையாதது என்று கருதுவார். அந்த வேறுபாடு தலைப்புகளுக்குப் பெயரிடும்போதே வெளியே வந்துவிடும். வெளிவருவது நல்லது என்றே எண்ணுகிறேன், ஏனெனில் வாங்கி முடித்த பின் நடக்கும் வாக்குவாதத்தைவிட ஒதுக்குவதற்கு முன் நடக்கும் உரையாடல் மென்மையாக இருக்கும். இருவருக்கும் ஆளுக்கொரு தலைப்பு, அதில் என்ன செலவானது என்று மற்றவர் கேட்கக் கூடாது என்ற உடன்பாட்டோடு இருப்பது அவசியம். எல்லாம் ஒளிவுமறைவின்றித் தெரியும் கோப்பில், இந்தச் சிறு மறைவிடத்தை வேண்டுமென்றே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும்.

யாருக்கு இது பொருந்தாது என்று கேட்டால், அன்றாடத் தேவைக்கே வருமானம் போதாத நிலையில் இருப்பவர்களுக்குத் தலைப்புகளும் நிறங்களும் பெரிதாக உதவிவிடப் போவதில்லை. அவர்கள் ஒவ்வொரு செலவையும் ஏற்கெனவே யோசித்துத்தான் செய்கிறார்கள்; அவர்களுக்கு வேண்டியது கூடுதல் வருமானம். தேவை போக ஓரளவு மிஞ்சியும், மிஞ்சியது எங்கே போகிறது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கே இந்தச் செயலி அதிகம் பயன்படும். அத்தகையவர்களுக்கு முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன்.

தொடங்குபவர்களுக்கு ஒரு யோசனை. எதையும் நிறுவுவதற்கு முன், செயலியின் இணையதளத்தில் உள்ள மாதிரிப் பதிப்பை உலாவியிலேயே திறந்து முயன்று பார்க்கலாம். பதிவு செய்யத் தேவையில்லை. கொடுக்கப்பட்டுள்ள தலைப்புகளை நீக்கிவிட்டு, சென்ற மாதத்துச் செலவுகளை எடுத்துக்கொண்டு, அவை எந்த நோக்கத்துக்காகச் செய்யப்பட்டன என்று யோசித்து ஆறேழு தலைப்புகளுக்குமேல் போகாமல் பெயரிடுங்கள். எந்தத் தலைப்பிலும் சேராமல் நிற்கும் செலவுகளை வற்புறுத்தி எங்கும் நுழைக்காமல் தனியே வையுங்கள். நிறுவுவதா வேண்டாமா என்பதை அந்தத் தனிப் பட்டியலின் நீளத்தைப் பார்த்துத் தீர்மானிக்கலாம்.